உள்ளங்கைக்குள் எத்தனை?

ஒன்றாம் வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள், பங்கிடுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு வரும்போதே அது தெரிந்துதான் வருகிறார்கள். புளியங்கொட்டை டப்பாவைத் திறந்து வைத்தால் போதும், ‘உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு’ என்று கை தானாக ஓடும். ஒரே ஒரு கமர்கட்டு இருந்தாலும் சட்டை நுனியில் பொதிந்து காக்கா கடி கடித்து, எச்சில் படாமல் பாதி கொடுத்துவிடுவார்கள். இதற்கு மேல் நான் என்ன கற்றுக்கொடுப்பது?

அந்த நம்பிக்கையை அசைத்தவள் ஐந்தரை வயதுச் சிறுமி. பன்னிரண்டு புளியங்கொட்டைகளை மூன்று பேருக்குப் பங்கு போடச் சொன்னேன். ஒவ்வொன்றாக, சுற்றிச் சுற்றி, யாரையும் விடாமல் வைத்தாள். ஒரு பிசகில்லை. எல்லாருக்கும் சமமாக வந்ததா என்றால், “ஆமா”. முதல் குவியலை எண்ணச் சொன்னேன். தொட்டுத் தொட்டு எண்ணி, “நாலு டீச்சர்” என்றாள். பக்கத்துக் குவியலை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “இதுல எத்தனை இருக்கும்?” என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்துக் கையை விலக்கப் பார்த்தாள். “எண்ணாம எப்படி டீச்சர் சொல்றது?”

அன்றிரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சமம் என்று அவள் சொன்னது பொய்யில்லை. யாருடைய முறையும் தவறவில்லை, யாரும் விடுபடவில்லை. அவளுக்குச் சமம் என்றால் அதுதான். அந்தக் குவியலில் நாலு என்றால் இந்தக் குவியலிலும் நாலுதான் இருந்தாக வேண்டும் என்பது தனியாக வந்து சேர வேண்டிய இன்னொரு அறிவு. கை அறிந்ததை எண் இன்னும் அறியவில்லை. மறுநாளிலிருந்து மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்தேன். பலரும் என் கையை விலக்கத்தான் பார்த்தார்கள்.

அடுத்த பாடம் கடலை மிட்டாயில் கிடைத்தது. சித்திரை வெயிலில் சில துண்டுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. பங்கு போட்ட பையன் ஒட்டியதை ஒருவனுக்கும் ஒற்றைத் துண்டை இன்னொருவனுக்கும் வைத்துக்கொண்டே போனான். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. குறைவாக வாங்கியவன் அழுதபோது இவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. “அவனுக்கும் இவனுக்கும் ஒரே வாட்டிதான் வச்சேன் டீச்சர்.” அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் ஏமாற்றவில்லை. எண்ணிக்கொண்டிருந்தது மிட்டாயை அல்ல, தன் கை போய்வந்த தடவைகளை.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். ஃப்ரைட்மன், பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் கட்டைகளை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். ஒரு பொம்மைக்கு இரட்டைக் கட்டை, மற்றதற்கு ஒற்றைக் கட்டை. நான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எங்கள் பையன் செய்ததையே செய்தார்கள். ஐந்து வயதினர் ஒற்றைகளை இரண்டிரண்டாக வைத்துச் சரிக்கட்டினார்கள். இரட்டைக் கட்டையின் இரு பாதிகளுக்கும் வேறுவேறு நிறம் கொடுத்ததும் சின்னவர்களுக்கும் பிடி கிடைத்துவிட்டது. நானும் தீப்பெட்டிகளை இரண்டிரண்டாக ஒட்டி, பாதிக்கு மஞ்சள் தாள், பாதிக்கு நீலத் தாள் சுற்றினேன். மஞ்சளுக்கு ஒரு மஞ்சள், நீலத்துக்கு ஒரு நீலம் என்று அவர்கள் தேடித் தேடி எடுத்து வைத்ததைப் பார்க்க வேண்டுமே! வாயால் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் நிறைய வருமா, நாலு பேருக்குப் போட்டால் நிறைய வருமா என்று கேட்டால், “நாலு பேருக்கு” என்று சட்டென்று பதில் வரும். நாலு பெரியதாயிற்றே. கரும்பலகையில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு வீண். சாப்பாட்டு வேளையில் ஒரே அப்பளத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரை உட்காரவைத்தேன், பிறகு மூன்றாமவனைக் கூப்பிட்டேன். அவன் வந்து உட்காரும் முன்பே முதல் இருவர் முகமும் மாறிவிட்டது. “ஆள் வந்தா குறையும்” என்று ஒருவன் சொன்னான். ஆண்டுக்கணக்காகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை மூன்று சொல்லில் சொல்லிவிட்டான்.

மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு நான் காணும் காரணம் இன்னொன்று. பன்னிரண்டை மூன்று பேருக்குப் பங்கு போடுவதும், ஆளுக்கு மூன்று கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும் என்று பார்ப்பதும் கைக்கு வேறு வேறு வேலை. முன்னதில் சுற்றி வருகிறோம், பின்னதில் மூன்று மூன்றாக அள்ளுகிறோம். தாளில் இரண்டுமே 12 ÷ 3 தான். இரண்டையும் கையால் செய்து பார்க்காத பிள்ளைக்கு அந்தக் குறி வெறும் கோடும் புள்ளியும். வகுத்து வருவதற்கு நம் மொழியில் ஈவு என்று பெயர். ஈதல் என்றால் கொடுத்தல். கணக்குச் சொல்லுக்குள்ளேயே கொடுக்கும் கை இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே இத்தனை ஆண்டு கடத்திவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

மீதி வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதம். பதின்மூன்றை நாலு பேருக்குப் போட்டால் மிஞ்சும் ஒன்றைச் சிலர் டப்பாவில் திருப்பிப் போடுவார்கள், சிலர் என் கையில் வைப்பார்கள். ஒருத்தி அன்று வராத தோழிக்கென்று ஜன்னல் திட்டில் எடுத்து வைத்தாள். புளியங்கொட்டையாக இருந்தால் இப்படி. தோசையாக இருந்தால் யாரும் மீதி வைப்பதில்லை, பிய்த்துவிடுவார்கள். அரையும் காலும் பிறப்பது அங்கேதான். அரைக்கால் என்ற சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தால் காலில் பாதி என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

முதலில் என் கையை விலக்கிய சிறுமியிடம் பொங்கல் விடுமுறை முடிந்து மறுபடி அதையே செய்தேன். இந்த முறை பதினைந்து கொட்டை, மூன்று பேர். முதல் குவியலை எண்ணினாள்: ஐந்து. பக்கத்துக் குவியலை மூடினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அஞ்சு” என்றாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணியும் பார்த்துக்கொண்டாள்.