‘ஆமாம்’ என்ற பதிலை நம்பாத மென்பொருள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தலைக்காயம் என்று ஏதோ ஒரு காரணத்தால் யோசிப்பதிலும் நினைவில் வைத்துக்கொள்வதிலும் சிரமப்படுகிறவர்கள், தங்களுக்கு எந்த மாதிரி வேலை வேண்டும் என்று தாங்களே திட்டமிட உதவும் செயலி ஒன்றில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். திரைகளை வடிவமைப்பது என் பொறுப்பு. எழுத்தைப் பெரிதாக்கி, படம் போட்டு, வாக்கியத்தைச் சுருக்கினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அதெல்லாம் வேண்டும்தான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். எங்களை வாட்டும் கேள்வி வேறு: திரையில் பதிவாகும் பதில் யாருடையது?

“இந்த வேலை பிடிக்குமா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்பார்கள். “சத்தமாக இருந்தால் பரவாயில்லையா?” என்றால் “பரவாயில்லை.” கொஞ்ச நேரம் கழித்து “சத்தம் தொந்தரவாக இருக்குமா?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அதற்கும் “ஆமாம்.” இது பொய் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆமாம்-இல்லை கேள்விகள் கேட்டால் ‘ஆமாம்’ பக்கமே பதில் சாய்கிறது என்று கேரல் சிகல்மேனும் சக ஆய்வாளர்களும் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். கேள்வி சரியாகப் புரியாமல் இருக்கலாம். கேட்பவரைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து ‘மாட்டேன்’ என்றபோதெல்லாம் திட்டு வாங்கியதும் காரணமாக இருக்கலாம்.

அதனால் எங்கள் செயலி ‘பிடிக்குமா’ என்றே கேட்பதில்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஜோடியை இடம் மாற்றிக் காட்டும். முதலில் இடது பக்கப் படம், இப்போதும் இடது பக்கப் படம் என்றால், அவர் தொட்டது படத்தை அல்ல, பக்கத்தை. அங்கே ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, வேறு மாதிரி கேட்கச் சொல்லி உடனிருக்கும் வேலைப் பயிற்சியாளருக்குக் குறிப்பு போகும். ‘இரண்டும் வேண்டாம்’ என்று மூன்றாவதாக ஒரு பொத்தானும் உண்டு. அது மற்ற இரண்டின் அளவுக்கே இருக்க வேண்டும் என்பதில் நான் விடாப்பிடி.

படம் மட்டும் போதாது என்பதும் போகப்போகப் புரிந்தது. ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தார். “அவளுக்கு நாய்ன்னா உசுரு, கால்நடை மருத்துவமனையில ஏதாவது பார்த்துக் குடுங்க” என்றார் அம்மா. நாய் படம் வந்த இடத்திலெல்லாம் மகளும் அதைத்தான் தொட்டார். அப்புறம் வேலையிடத்தைக் காட்டும் சின்னச் சின்ன வீடியோக்களைப் போட்டோம். கூண்டுகளில் நாய்கள் குரைக்கும் வீடியோ ஓட ஆரம்பித்ததும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். அதே மருத்துவமனையின் பின் அறையில் ஒருவர் துவைத்த துணிகளை மடித்து, அளவு வாரியாக அடுக்குகிற காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அன்று திட்டத்தில் ஏறியவை: அமைதியான அறை, ஒரே வரிசையில் வரும் வேலை, முடித்ததைக் கண்ணால் பார்க்க முடிவது. நாயும் இருந்தது, ஆனால் கடைசி வரியில். வேலையின் பெயரை விட்டுவிட்டு அதன் சூழ்நிலைகளைக் கேட்பது அதற்குப் பிறகு செயலியின் அடிப்படையாகவே ஆகிவிட்டது.

குழுவில் பெரிய வாக்குவாதம் வந்தது ‘தயார்நிலை’ பட்டையால். நேரத்துக்கு எழுவது, பேருந்தில் போவது, பணம் எண்ணுவது என்று ஒவ்வொன்றாகக் கற்கக் கற்கப் பச்சைக் கோடு நீளும், நிறைந்ததும் வேலைக்குத் தயார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற அந்த முறையில் பலர் ஆயுள் முழுக்கப் பயிற்சியிலேயே இருந்துவிட்டார்கள் என்பதால்தான், 1980-களில் உதவியுடன் கூடிய வேலைவாய்ப்பு என்ற முறை பரவியது. வேலையில் சேர்த்துவிடு, அங்கேயே கற்றுக்கொடு என்பது அதன் சாரம். ஒரு சலவை இயந்திரத்தில் பழகியது இன்னொரு இயந்திரத்தின் முன்னால் கைகொடுக்காமல் போகிறவர்களுக்கு இதுதான் சரி. பட்டையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ‘எனக்கு என்ன உதவி வேண்டும்’ என்ற பக்கம் இருக்கிறது.

இவ்வளவு யோசித்துத் தயாரித்த திட்டத்தோடு போனால், விண்ணப்பத் தளத்தின் வாசலிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கடவுச்சொல்லை நினைவு வைக்க வேண்டும், கோணல் எழுத்துகளைப் படித்து மனிதன் என்று நிரூபிக்க வேண்டும், நேரம் முடிந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி என்று சொல்லும் வெப் அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அது, உள்நுழைய நினைவாற்றலையோ புதிர் தீர்ப்பதையோ மட்டும் நம்பக்கூடாது என்கிறது. ஒருமுறை கொடுத்த விவரத்தை அதே படிவத்தில் மறுபடி தட்டச்சு செய்ய வைக்காதே என்றும் சொல்கிறது. நல்ல விதிகள். படிவம் தயாரிப்பவர்கள் படித்தால் நல்லது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கடினமான பத்தியை எளிய மொழியில் மாற்ற அது உதவுகிறது, ஆனாலும் ஓர் ஆள் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். சுயவிவரம் எழுத அதை விடுவதில் எனக்கு இஷ்டமில்லை. சரளமான நான்கு பத்தியைப் படித்துவிட்டு நேர்காணலுக்குக் கூப்பிடுகிறவர், எதிரே மெதுவாகப் பேசும் ஒருவரைப் பார்த்ததும் குழம்பிப்போகிறார்.

இப்போது இழுபறியில் இருப்பது ‘மனசு மாறிடுச்சு’ என்ற பொத்தான். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆனபின் திட்டத்தைத் திருத்த அது வழிவிடும். பயிற்சியாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நிதி கொடுப்பவர்களின் கோப்பில் இலக்கு அடிக்கடி மாறினால் விளக்கம் எழுத வேண்டியது அவர்கள்தானே. நியாயமான சங்கடம்தான். ஆனால் 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட வேலை என்று சொல்கிறது. எனவே பொத்தான் இருக்கட்டும், விளக்கக் கடிதத்தின் முதல் வரைவை மென்பொருளே எழுதித் தரட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த பதிப்பில் இரண்டும் சேர்ந்தே வரும்.