நாற்பத்தாறு வயதில் கயிறும் ரம்பமும்

ஜனவரி 9

இருபத்திரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய உடம்பு இன்று முதன்முறையாகக் கயிற்றில் தொங்கியது. மரப் பராமரிப்புப் பயிற்சியில் எங்கள் குழுவில் 9 பேர். எனக்கு வயது 46. எனக்கு அடுத்த மூத்தவருக்கு 27. காலையில் எல்லோரும் என்னை "சார்" என்றார்கள். இடுப்புக் கச்சையின் தொடைப் பட்டைகளை நான் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, மதியத்துக்குள் "அண்ணா" ஆகிவிட்டேன். அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வருகிறேன். இங்கே உண்மையை எழுதிவிடலாம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, அலுவலக வளாகத்தில் நின்ற பெரிய மரம் ஒன்றின் உச்சியை மொட்டையடித்ததற்கான கூலிச் சீட்டு என் மேசைக்கு வந்தது. தொகையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். பிறகுதான் வெளியே போய் மரத்தைப் பார்த்தேன். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அது என்ன தவறு என்று சொல்வதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. அந்தச் சொற்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியதுதான் கடைசியில் இந்தக் கயிற்றடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இன்று நான் கைகளாலேயே ஏறினேன். மூன்று மீட்டர் உயரத்தில் முன்கைகள் கல்லாக இறுகி, விரல்கள் விரிய மறுத்துவிட்டன. என்னைவிட 8 வயது இளையவரான பயிற்றுநர் கீழிருந்து பார்த்துவிட்டு, "அண்ணா, கால்களை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 17

நூல் கட்டிய சிறு கனப் பையான எறிபையை, மேலே கிளை பிரியும் கவையின் ஊடாக வீசி, அதன் மெல்லிய நூலால் ஏறுகயிற்றை இழுத்துப் போடுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் நான்காவது வீச்சில் முடித்துவிட்டான்.

கயிற்றின் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. கவையில் போட்ட கயிற்றின் ஒரு முனையைக் கச்சையில் கட்டி, மறுபக்கத்தை உராய்வு முடிச்சின் வழியே அதே கச்சையில் இணைத்துவிட்டால், உடலின் எடை இரு பக்கங்களுக்கும் பிரிந்துவிடுகிறது. கவையின் உராய்வைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பாதி எடையைத்தான் இழுக்கிறோம். ஆனால் ஒரு மீட்டர் கயிற்றை இழுத்தால் அரை மீட்டர்தான் உயர்வோம். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டிவிட வேண்டும் என்பது கணக்கனுக்குப் பழகிய நியாயம்தான்.

உராய்வு முடிச்சு பாரம் விழும்போது இறுகிப் பிடிக்கும், பாரம் நீங்கினால் கையோடு நகரும். இவ்வகை முடிச்சுகளில் பெயர்பெற்ற ஒன்றை 1931-இல் விளக்கியவர் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேற்றக்காரர். மரமேறுபவர்கள் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு தங்களுக்கென்று பல வகைகளை உருவாக்கிக்கொண்டார்கள். இன்று அதை நூறு முறையாவது கட்டி அவிழ்த்திருப்பேன். முடிச்சு சரியாக அமைந்துவிட்டதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவியே சொல்லும் வரை ஏற விடமாட்டோம் என்கிறார்கள்.

பிப்ரவரி 3

முழு நாளும் தரைவேலை. வெட்டி விழுந்த கிளைகளை அடிமுனையைப் பிடித்து இழுத்தால் சிம்புகள் மடங்கி வழுக்கிக்கொண்டு வரும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு சிம்பும் எதிலாவது மாட்டி வம்பு செய்யும். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை, ஆனால் எனக்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டது.

பிப்ரவரி 20

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முன்கை அளவு தடிமனுள்ள கிளை ஒன்றைக் கைரம்பத்தால் நீக்க வேண்டியிருந்தது. அடுத்த மரத்தில் 22 வயதுப் பையன் மூன்றாவது கிளையை முடித்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் முதல் கிளையிலேயே நின்றேன். கீழ்வெட்டைத் தவிர்த்துவிட்டு நேராக மேலிருந்து அறுத்தேன். மூன்றில் இரண்டு பங்கு அறுபட்டதும் கிளை தன் எடையாலேயே முறிந்து, தண்டின் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு கீழே போயிற்று. ஈரமான, வெளிர்மஞ்சள் நிற உள்மரம் என் முகத்துக்கு எதிரே திறந்து கிடந்தது. கீழே யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்திருக்க வேண்டியது மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறிந்தாலும் கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும். எடை போன பிறகு மிஞ்சிய குட்டைத் துண்டை மூன்றாவது வெட்டால் நீக்க வேண்டும். அந்த மூன்றாவது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி அறிவு அடங்கியிருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். முன்பெல்லாம் தண்டோடு தண்டாக வழித்து வெட்டி, மேலே சாயம் பூசுவதுதான் நல்ல வேலை என்று கருதப்பட்டது.

அந்தக் கருத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006). அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளரான அவர், ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, அழுகல் உள்ளே எப்படிப் பரவுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நம் தோலில் பட்ட காயம்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. சேதமான திசு சேதமாகவே இருக்க, மரம் அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. 1977-இல் வெளியான அவரது விளக்கத்தில் நான்கு சுவர்கள் வருகின்றன. மேலும் கீழுமாகப் பரவுவதைத் தடுக்கும் முதல் சுவர் நான்கிலும் பலவீனமானது; காயம்பட்ட பிறகு வளரும் புது மரத்தைப் பழையதிலிருந்து பிரிக்கும் நான்காவது சுவரே பலமானது. அந்தப் புடைப்பு வளையத்தைச் சேர்த்து வெட்டினால், கிளைக்குரிய அழுகல் தண்டுக்குள் நுழைய வழி திறந்துவிடுகிறது. சாயம் பூசினாலும் அழுகல் நிற்பதில்லை.

என் அவசரத்தால் உரிந்த அந்த ஒரு முழப் பட்டைக்குக் கீழே இந்த ஆண்டின் மரம் இனி எப்போதும் இருக்காது. பயிற்றுநர் மாலையில், "சின்னப் பையன்கள் அவசரப்படுவது தெரியாமல், நீங்கள் அவசரப்படுவது வயது தெரியக் கூடாது என்பதற்காக" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 6

சங்கிலி ரம்பம், தரையில். முழு வேகத்தில் அதன் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சங்கிலி ஓடும் பலகையின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், பலகை முழுவதும் நம் முகத்தை நோக்கி எகிறும். கை யோசிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். எனவே இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி இறுகியிருக்க வேண்டும், உடல் வெட்டும் கோட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

பாதுகாப்புக் கால்சட்டை சங்கிலியை எதிர்த்து நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் நீண்ட இழைகளைச் சங்கிலி வாரிக்கொண்டு போய், பற்சக்கரத்தில் சுற்றி, தன்னைத்தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய கால்சட்டை ஒன்றை மரக்கட்டையில் போர்த்திச் செய்து காட்டினார்கள். வெள்ளை இழைகள் பஞ்சுபோல் பிதுங்கி வந்து, இயந்திரம் ஒரு விக்கலோடு நின்றது. ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையை மறுபடி அணியக் கூடாது.

மார்ச் 28

காலையில் எழுந்தால் விரல்களை மடக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. இளைஞர்கள் இரவு தூங்கி எழுந்தால் தேறிவிடுகிறார்கள்; எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ரம்பத்தின் அதிர்வு நாளடைவில் விரல்களின் இரத்த ஓட்டத்தையும் நரம்புகளையும் கெடுக்கும் என்பதால், வேலை நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குறித்துக்கொள்வதில் மட்டும் நான் குழுவிலேயே முதலாவது.

ஏப்ரல் 15

மீட்புப் பயிற்சி. மேலே ஒருவர் ஏறியிருக்கும்போது, ஏறி மீட்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். தனியாக ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மயங்கிய மனிதர் கச்சையில் அசையாமல் தொங்கிக்கொண்டிருப்பதே ஆபத்து என்பதால், கீழே இறக்குவதில் தாமதம் கூடாது. 80 கிலோ பொம்மையை 8 மீட்டர் உயரத்திலிருந்து என் கச்சையோடு இணைத்து இறக்கினேன்.

ஓர் இணைப்பைக்கூட இரண்டாம் முறை சரிபார்க்காமல் விடவில்லை. அதனால் குழுவிலேயே மெதுவாக முடித்தவன் நான்தான். மிக வேகமாக ஏறிய பையன் காரபினர் என்ற இணைப்புக் கொக்கியின் பூட்டைத் திருகாமல் விட்டிருந்ததால், அவனை மறுபடி செய்யச் சொன்னார்கள். இதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டானது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மே 11

இப்போது ஒரு சிறு குழுவில் உதவியாளனாகச் சேர்ந்திருக்கிறேன். இன்று ஏறாத மரத்தைப் பற்றி எழுத வேண்டும். தலை நிறையப் பச்சை இலை. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, தட்டுத்தட்டாகக் காளான் வளர்ந்திருந்தது. தலைவர் மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனார். முதலில் "டக், டக்" என்று கெட்டியாகக் கேட்டது. காளான் பக்கம் வந்ததும் மத்தளத்தைத் தட்டியதுபோல் ஒலி தாழ்ந்தது. என்னிடம் சுத்தியலைக் கொடுத்து, ஒலி மாறும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னார். வரைந்து முடித்தபோது, தண்டின் சுற்றளவில் பாதி அதற்குள் அடங்கியிருந்தது.

உயிருள்ள பகுதி பட்டைக்கு அடியில் மெல்லிய அடுக்காக இருப்பதால், வைரம் எனப்படும் நடுமரம் முழுவதும் அழுகியும் மரம் தழைத்து நிற்க முடியும். பொந்தான தண்டைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மத்தெக் ஒரு விகிதம் சொன்னார்: எஞ்சியிருக்கும் நல்ல சுவரின் தடிமன் தண்டின் ஆரத்தில் 0.3 பங்குக்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு கூடுகிறது. அதை எல்லா மரத்துக்கும் பொருத்திவிடக் கூடாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், கயிற்றைப் போடும் முன் அடியைச் சுற்றி வருவது என்ற பழக்கத்துக்கு மறுப்பு கிடையாது. தலைவர் ஏறவில்லை, ஆளைத் தூக்கும் இயந்திரத்தை வரவழைத்து இன்னொரு நாள் செய்வதாகச் சொல்லிவிட்டார்.

ஜூன் 2

கனமான துண்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கும் வேலை. பச்சை மரம் பல நேரங்களில் ஏறத்தாழ நீரின் எடையே இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், 30 செ.மீ. குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 70 கிலோ வரும். குறுக்களவு 60 செ.மீ. ஆனால் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 280 கிலோ ஆகிவிடுகிறது. அது கப்பியில் தொங்கும்போது கயிற்றின் இரு பக்க இழுவையும் சேர்ந்து, கப்பி கட்டிய இடத்தில் ஏறத்தாழ இரு மடங்கு விசை விழுகிறது. துண்டு சற்றே விழுந்து சட்டென்று நிறுத்தப்பட்டால் அதற்கும் பல மடங்கு. எனவே கயிற்றைப் பிடிப்பவர் வெடுக்கென்று நிறுத்தாமல், ஓடவிட்டு மெல்ல நிறுத்த வேண்டும்.

இன்று ஒரு துண்டின் எடையைப் பார்வையாலேயே சொல்லி, இரண்டாக வெட்டலாம் என்றேன். தலைவர் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, மேலே இருப்பவரிடம் இரண்டாக வெட்டச் சொன்னார்.

ஜூன் 24

இன்று கயிற்றைத் தொடவில்லை. ஒரு வாடிக்கையாளர் தம் மரம் உயர்ந்துவிட்டதால் உச்சியை வெட்டி மொட்டையாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மதிப்பீட்டுக் கடிதம் எழுதும் வேலை, எண்களோடு பழகியவன் என்பதால், என்னிடம் வந்தது.

நடுத்தண்டைக் கண்ட இடத்தில் துண்டித்தால் பெரிய வெட்டுமுகம் திறந்து அழுகல் உள்ளிறங்கும் என்றும், இழந்த இலைகளை ஈடுகட்ட மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் என்றும், அந்தக் கொம்புகள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால் கனத்த பிறகு முறிந்து விழும் என்றும், சில ஆண்டுகளில் உயரமும் திரும்பிவிடும் என்றும் எழுதினேன். அதற்குப் பதிலாக, நீண்ட கிளைகளை, அவற்றில் மூன்றில் ஒரு பங்கு தடிமனாவது உள்ள பக்கக்கிளை வரை மட்டும் குறைக்கலாம் என்று எழுதி, எந்தெந்தக் கிளைகள் என்று படத்தில் குறித்தேன். வேலை நேரம் கூடும், தொகையும் கூடும். தலைவர் படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, கையெழுத்திட்டார்.

வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாளை காலை ஆறரை மணிக்கு வேறொரு மரம். ரம்பத்தின் பற்களைத் தீட்டி வைத்துவிட்டேன்.