போர் வண்டிக்காரரோடு மண் பார்க்கப் போன கதை

என் மாமனார் முப்பது வருடத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று அவர் துளை போடாத மாநிலம் குறைவு. போன மே மாதம் சியாட்டிலுக்கு எங்களைப் பார்க்க வந்தார். முதல் வாரம் ஸ்பேஸ் நீடில், மீன் மார்க்கெட், விமானக் கண்காட்சி என்று ஒன்று விடாமல் கூட்டிப்போனோம். எதற்கும் ஒரே பதில்தான்: "நல்லாருக்குதுங்க." பக்கத்து வீட்டில் வேலி நடக் குழி தோண்டிக் குவித்திருந்த மண்ணைத்தான் அரை மணி நேரம் நின்று பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

மனைவிக்கு லீவு இல்லை. மாமனாரும் மருமகனும் மட்டும் நாலு நாள் ஒரே காரில் போவது என்று முடிவானது. புளிசாதம், தட்டைமுறுக்கு, ஒரு பிளாஸ்க் காப்பி. வான்டேஜ் என்ற இடத்தில் கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை நாங்கள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். பாலம் தாண்டியதும் கரையில் அடுக்கடுக்காக நின்ற கறுப்புப் பாறையைப் பார்த்து அவராகவே வாயைத் திறந்தார். "இது மகாராஷ்டிராவுல பார்த்த பாறையாட்டம் இருக்குதுங்க. ஒரு அடுக்கு கெட்டியா வரும், அப்புறம் புகைஞ்ச மாதிரி லேசா வரும், மறுபடியும் கெட்டி." சரியாகச் சொன்னார். இரண்டுமே எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பசால்ட் பாறை. தக்காணத்துப் பாறை வயதில் மிகவும் மூத்தது, இங்கே இருப்பதில் பெரும்பகுதி ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முந்தியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் நாள் ட்ரை ஃபால்ஸ். பெயருக்கு ஏற்றபடி தண்ணீர் இல்லாத அருவி. 120 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு, ஐந்தரை கிலோமீட்டர் அகலத்துக்கு வளைந்து கிடக்கிறது, அடியில் குட்டை மாதிரி சில ஏரிகள். நயாகராவைவிட உயரம் இரண்டு மடங்குக்கு மேல். சுற்றிலும் புதர்க்காடு. இத்தனை பெரிய அருவியைச் செதுக்கிய ஆறு எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

1923-இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் அதற்குச் சொன்ன பதில்தான் பெரிய சண்டையானது. (அந்த 'ஜே' எதற்கும் சுருக்கம் இல்லையாம், வெறும் ஜே. நம் ஊர் இனிஷியலுக்காவது அப்பா இருப்பார்.) இந்தப் பள்ளங்கள் ஆறு மெல்ல மெல்ல அரித்தவை அல்ல, ஒரு பேய் வெள்ளம் வெட்டிப் போட்டவை என்றார் அவர். பைபிள் பிரளயக் கதையிலிருந்து நிலவியலை மீட்க நூறு வருடம் பாடுபட்டவர்கள் சும்மா விடுவார்களா? 1927 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் அவரைப் பேச அழைத்து, வரிசையாக எழுந்து மறுத்தார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் அப்போது நல்ல பதில் இல்லை. ஆனால் ஜோசஃப் பார்டீ என்பவர் அதற்குப் பல வருடம் முன்பே மேற்கு மொன்டானாவில் ஒரு பழைய பனிக்கால ஏரியைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட இன்னும் பல வருடம் ஆயிற்று. பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது வயது 96.

கதை இதுதான். கனடாவிலிருந்து தெற்கே இறங்கிய கார்டில்லெரன் பனிப்படலத்தின் ஒரு நாக்கு, இடாஹோவில் க்ளார்க் ஃபோர்க் ஆற்றின் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. பனியே அணை. பின்னால் தேங்கியதுதான் மிசூலா ஏரி, அணைப்பக்கம் 600 மீட்டர் ஆழம், மொத்தம் 2,000 கன கிலோமீட்டருக்குக் குறையாத தண்ணீர்.

"டி.எம்.சி.யில சொல்லுங்க" என்றார் மாமா.

போனில் கணக்குப் போட்டேன். எழுபதாயிரம் டி.எம்.சி. மேட்டூர் நிரம்பினால் 93 புள்ளி சொச்சம். ஆக எழுநூற்றைம்பது மேட்டூர். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தட்டைமுறுக்கை மென்றார். "தொறந்து விட்டா எத்தன நாளுங்க?" இரண்டு மூன்று நாளில் காலியாகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள் என்றேன். "அப்ப மதகு இல்லீங்க, ஒடைஞ்சதுதான்."

ட்ரை ஃபால்ஸ் பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. படம் எல்லாம் எடுத்தோம். ஆனால் பாறை விளிம்பைப் பார்த்து வெள்ளம் வந்தது என்று சொல்லலாம், எத்தனை தடவை வந்தது என்று சொல்ல முடியாது. அரித்துப் போன இடத்தில் கணக்கு இருக்காது, கொண்டுபோய்க் கொட்டின இடத்தில்தான் இருக்கும். அதனால் நான் பார்க்க நினைத்தது இரண்டாம் நாளின் மண்சுவரைத்தான்.

இரண்டாம் நாள் காலை ரிச்லாண்ட் ஊரையொட்டிய பேட்ஜர் மலையில் ஏறினோம். சுமாரான ஏற்றம், மாமாவுக்கு முட்டி வலி, வழியில் நாலு தடவை உட்கார்ந்தார். ஓர் இடத்தில் உட்கார்ந்த கல்லையே திரும்பிப் பார்த்துத் தட்டினார். "இது இந்த ஊர்க் கல் இல்லீங்களே." உண்மைதான். கறுப்புப் பசால்ட் மலையில் வெளிறிய கிரானைட் கல். வெள்ளத்தில் மிதந்து வந்த பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் தேங்கிய கரையில் தரைதட்டி, பனி உருகியதும் கல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. தெற்கே வலூலா கேப் என்ற ஒரே இடுக்கு வழியாகத்தான் அத்தனை வெள்ளமும் வெளியேற வேண்டும். குறுகிய வாய், பெரிய வரத்து. அதனால் தண்ணீர் பின்னுக்கு எதிர்த்து ஏறி, கடல் மட்டத்திலிருந்து 365 மீட்டர் உயரம் வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்குகளை நிரப்பி நின்றிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்தத் தற்காலிக ஏரியின் கரையில்.

அங்கிருந்து வலூலா கேப்பைப் பார்த்துவிட்டு, 12-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் வாலா வாலா போகிற வழியில் டூஷீ என்று ஒரு சின்ன ஊர். இந்த ஊர் பெயரைத்தான், தேங்கிய வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்குகளில் படியவிட்ட வண்டல் அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பர்லிங்கேம் என்றொரு மண் பள்ளம் உண்டு, அது உருவான விதமே வேடிக்கை. 1926-இல் பாசனக் கால்வாய்த் தண்ணீரை ஒரு சின்ன ஓடைப் பக்கம் திருப்பிவிட, ஆறே நாளில் அது நூறடிக்கு மேல் ஆழமாக வண்டலை வெட்டிக்கொண்டு போய்விட்டது. வெட்டின சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாக 39 அடுக்கு. ரிச்சர்ட் வெயிட் என்ற நிலவியலாளர் 1980-இல் இந்த அடுக்குகளை வைத்துத்தான் அந்த வாதத்தை வைத்தார்: இது ஒரே வெள்ளத்தின் நாற்பது அலை இல்லை, நாற்பது தனித்தனி வெள்ளம்.

ஆனால் அந்தப் பள்ளம் தனியார் நிலம். அனுமதி கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, அதனால் சாலையோரம் அதே வண்டல் தெரிகிற ஒரு வெட்டுச்சுவர் போதும் என்று வைத்துக்கொண்டோம். போதாமல் இல்லை. லாரிகள் சர்சர் என்று போகிற இடத்தில், காரை ஓரம் கட்டி, மாமா அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றார் பாருங்கள், நாலு நாளில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது. போர் போடும்போது பத்தடிக்கு ஒரு தரம் தூளை அள்ளி வரிசையாகக் கூம்பு கூம்பாக வைப்பார்களாம், கீழே என்ன இருக்கிறது என்று அதை வைத்துத்தான் ஊகம். "எங்களுக்கு அரைச்ச தூள்தான் கிடைக்கும். இது முழுசா தெறந்து வெச்ச மாதிரி இருக்குதுங்களே."

ஒவ்வோர் அடுக்கிலும் அடியில் கரடான மணல், மேலே போகப் போக நைஸாகி, உச்சியில் மாவு மாதிரி வண்டல். உடனே மறுபடி கரடு மணல். வேகமாக வந்த தண்ணீர் முதலில் கனமானதைப் போட்டிருக்கிறது, நின்ற பிறகு லேசானது படிந்திருக்கிறது. கீழ் அடுக்குகள் தடிமன், மேலே மெலிந்துகொண்டே போகின்றன. நடுவில் செங்குத்தாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு மணல் நிரம்பிய வெடிப்புகள், அவை எப்படி வந்தன என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

"ஒரே வெள்ளத்துல தண்ணி முன்ன பின்ன அலையடிச்சாலும் இப்படித்தானுங்களே படியும்?" என்று கேட்டார் மாமா. வெயிட்டை எதிர்த்தவர்கள் கேட்டதும் இதையேதான்! அதற்குப் பதில் அடுக்கில் இல்லை, இரண்டு அடுக்குக்கு நடுவில் இருக்கிறது. அங்கங்கே எலி வளைகள், காற்று கொண்டுவந்து போட்ட புழுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, பர்லிங்கேமில் மேலிருந்து சுமார் ஒரு டஜன் அடுக்குக்குக் கீழே, செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைச் சாம்பல், ஜோடியாக மெல்லிய வெள்ளைக் கோடு. சுமார் 16,000 வருடத்துக்கு முந்தையது. கலங்கல் தண்ணீருக்குள் விழுந்த சாம்பல் அப்படிச் சுத்தமாகப் படியாது. காய்ந்த தரையில் விழுந்தால்தான் படியும். அதாவது இரண்டு வெள்ளத்துக்கு நடுவில் நிலம் காய்ந்து, எலி குடியேறி, சாம்பல் மழை பெய்யுமளவுக்கு நாள் இருந்திருக்கிறது. நாங்கள் பார்த்த சுவரிலும் அப்படி ஒரு கோடு தேடினோம். கிடைத்தது, விரல் தடிமன்கூட இல்லை. மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்து, "கோலமாவுங்க" என்றார்.

அவர் ஒரு ஜிப்லாக் பையில் இரண்டு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டார். சுவரிலிருந்து அல்ல, கீழே உதிர்ந்து கிடந்ததிலிருந்து. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் லோலோ கணவாய் வழியாக மொன்டானாவிலுள்ள மிசூலா ஊருக்குப் போனோம். 99 மைல் வளைவு என்று போர்டு போட்டே பயமுறுத்துகிறார்கள், வழியில் பெட்ரோல் பங்க்கும் அபூர்வம், இரண்டு பேருக்குமே தலை சுற்றியது, அந்தப் பாதையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மிசூலாவில் ஊருக்கு மேலே நிற்கும் மலைச்சரிவுகளில் கிடையாகக் கோடு கோடாக ஓடும், வற்றிக் கொண்டே போகிற குளத்தின் கரையில் தெரியுமே, அதே மாதிரி. பழைய ஏரியின் கரைக்கோடுகள். சாயங்கால வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

எனக்கு முக்கியமானது மறுநாள் திரும்புகிற வழியில், ஐ-90 சாலையில், மிசூலாவுக்கு மேற்கே நைன்மைல் என்ற இடம். நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது. ஓட்டத்திலேயே வெளிறிய மண்சுவர் ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. அது ஏரியின் அடிமண். டூஷீ மண் கணக்கின் ஒரு பக்கம் என்றால், இது மறுபக்கம். அங்கே ஏரி காலியானபோது கொட்டினது, இங்கே ஏரி நிரம்பி நின்றபோது படிந்தது. கோடையில் பனி உருகி ஆறு கொண்டுவரும் வெளிர் வண்டல் ஒரு கோடு, குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்து தண்ணீர் அசையாமல் நிற்கும்போது மெதுவாக இறங்கும் கருங்களி ஒரு கோடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். மர வளையம் மாதிரி எண்ணலாம். சுமார் நாற்பது தடவை ஏரி நிரம்பிக் காலியான தடம் அங்கே இருக்கிறது. அடியில் ஒரு நிரப்புக்கு 58 வருடக் கோடு. மேலே போகப் போகக் குறைந்து, கடைசியில் ஒன்பது.

ஏன் குறைகிறது? பனிக்கட்டி மிதக்கும். பின்னால் நிற்கும் தண்ணீர் பனிச்சுவரின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டினால் சுவரே தூக்கிக்கொள்ளும், அடியில் தண்ணீர் புகுந்து குடைந்துகொண்டு போய்விடும். காலி. பனி மறுபடி நகர்ந்து வந்து அடைக்கும், ஏரி மறுபடி நிரம்பும். பனி தடிமனாக இருந்த காலத்தில் நிரம்ப ஐம்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. பனிக்காலம் முடியும் தறுவாயில் படலம் மெலிய மெலிய, கொஞ்சத் தண்ணீரே தூக்கப் போதுமாகிவிட்டது. ஆக 58-இலிருந்து ஒன்பதுக்கு இறங்கும் அந்த எண்ணிக்கை, பனிப்படலம் இளைத்த கணக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கே சான்பொயில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் 1986-இல் 89 வெள்ள அடுக்குகளை எண்ணினார். அங்கேயும் கடைசிப் பக்கம் இடைவெளி சுருங்குகிறது. வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோன மண்ணோ, கொலம்பியா முகத்துவாரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வடக்குக் கலிபோர்னியாவுக்கு வெளியே ஆழ்கடல் பள்ளத்தில் கிடக்கிறது. பனிப்படலம் போய் எத்தனையோ ஆயிரம் வருடம் ஆகிவிட்டது, அது அணையாகப் படுத்திருந்த இடத்தில் இப்போது பனிப்படலத்தின் மிச்சம்கூட இல்லை.

இதை எல்லாம் ஸ்போகேன் தாண்டும் வரை விளக்கிக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா தூங்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சேர இரவு பதினொன்று. மறுநாள் காலை நான் எழுவதற்குள் சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த டூஷீ மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்திருந்தார். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்துவிட்டதாம். நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் அதன் மேல் சாம்பல் நிறத்தில் இன்னோர் அடுக்கு. ஆனால் மேலே தண்ணீர் கலங்கல் கலங்கலாகவே நின்றது.

"அந்தக் களி எறங்கத்தானுங்களே ஒரு குளிர்காலம் புடிச்சுது?" என்றார். ஆக, தூங்கவில்லை!

யாரும் தொடக்கூடாது என்று டம்ளரை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார். மூன்றாம் நாளும் தண்ணீர் தெளியவில்லை. என் மனைவி, இருப்பதே நாலு டம்ளர், அதில் ஒன்றை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.