ஏறினேனா, ஏற்றினேனா?

பிரெஞ்சு படிக்கிறவர்கள் ஆறாவது மாசம் கேட்கிற கேள்வி ஒன்று: இறந்த காலத்துக்குத் துணைவினையாக எப்போ 'அவுவார்' (ஆங்கில have மாதிரி), எப்போ 'எத்ர்' (ஆங்கில be மாதிரி)?

எத்ர் எடுக்கிற பதினாறு, பதினேழு வினைச்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். நானும் பண்ணினேன். பரீட்சையோடு மறந்தும் போச்சு.

பிறகு ஒருநாள் சட்டென்று புரிந்தது. 'மோந்தே' என்றால் ஏறுவது. 'ஜெ சுய் மோந்தே' என்றால் நான் ஏறினேன், இதில் எத்ர், 'சுய்' என்ற உருவத்தில். 'ஜே மோந்தே லா வலீஸ்' என்றால் பெட்டியை மேலே ஏற்றினேன், இதில் அவுவார், 'ஜே'க்குள் ஒளிந்திருக்கிறது. அட, நம்ம தன்வினை பிறவினைதானே! ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு. நாம் வினையையே மாற்றுகிறோம், அவர்கள் துணைவினையை மாற்றுகிறார்கள்.

ஆனால் முழுசா நம்பிடாதீங்க. 'படிக்கட்டு ஏறினேன்' என்பதற்கும் 'ஜே மோந்தே லெஸ்காலியே' என்று அவுவார்தான். இந்த மாதிரி வினைகளில் செயப்படுபொருள் நேரடியாக வந்துவிட்டால் அவுவார். அதுதான் உண்மையான விதி.

அடுத்த தலைவலி: 'ஜே எக்ரி லா லெத்ர்', கடிதம் எழுதினேன். அதையே 'நான் எழுதிய கடிதம்' என்று திருப்பினால் 'லா லெத்ர் கெ ஜே எக்ரீத்'. பிரெஞ்சில் கடிதம் பெண்பால், அது வினைக்கு முன்னால் வந்துவிட்டதால் வினையும் பெண்பாலாகணுமாம். 16ஆம் நூற்றாண்டில் கிளெமான் மாரோ என்ற கவிஞர் இத்தாலிய வழக்கைக் காட்டிப் பரப்பிய விதி இது. பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் அடிக்கடி தவறவிடுகிறார்கள், நமக்கென்ன கூச்சம்?

பிரெஞ்சில் மேசை ஏன் பெண்பால் என்று மட்டும் கேட்காதீங்க. 'சியோன்' என்று முடிகிற சொற்கள் பெரும்பாலும் பெண்பால், 'ஆஜ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். 'பிளாஜ்', அதாவது கடற்கரை, அதுக்கு விதிவிலக்கு. மிச்சத்தை, முன்னால் வருகிற 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) இவற்றோடு சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்க.