480 சதுர அடிக்கு எத்தனை யூனிட் மண், எத்தனை கிராம் விதை?

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கட்டட வேலை முடிந்த நாளிலிருந்து ஜல்லியும் சிமெண்டுக் கட்டியுமாகக் கிடந்த இடத்தை பிப்ரவரியில் கையில் எடுத்தேன். புல்தரை வேண்டும் என்பது மூன்று வருட ஆசை.

இடம் ட வடிவம். 24 அடிக்கு 18 அடி ஒரு துண்டு, 12 அடிக்கு 8 அடி இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 528 சதுர அடி. தென்னை மரத்தைச் சுற்றியுள்ள பாத்திக்கு 50 கழித்தால் ஏறக்குறைய 480. இதுவரை சுலபம். ஆழம்தான் இழுத்தது. மேஸ்திரியிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வாங்கி, நடைபாதை மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே கயிறு கட்டினேன். பன்னிரண்டு இடங்களில் கயிற்றிலிருந்து தரைக்கு அளந்தபோது ஓரிடத்தில் 2 அங்குலம், மூலையில் 6 அங்குலம். சராசரி 4. அங்குலத்தை அடியாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு, ஆக 160 கன அடி. மண் அமுங்கும் என்று 20 சதவீதம் கூட்டினேன், 192 வந்தது. நம் ஊரில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. சரி, இரண்டு யூனிட் போதும் என்று முடிவு செய்தேன்: செம்மண் ஒன்று, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அரை, மட்கிய தொழு உரம் அரை.

செம்மண் டிராக்டர் வந்ததும் கொட்டுவதற்கு முன்பே டிரெய்லரை டேப் வைத்து அளந்தேன். நீளம் 8.5 அடி, அகலம் 5.5, மண் நின்ற உயரம் 1.75. பெருக்கிப் பார்த்தால் 82 கன அடிதான். ஒரு யூனிட்டுக்குப் பேசிய பணம், 18 கன அடி குறைவு. கணக்கைக் காட்டியதும் மறுநாள் மீதியைக் கொண்டுவந்து போட்டார்கள். கொட்டிய பிறகு குவியலை அளப்பது லேசில்லை, அதனால் வண்டியில் இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

பழைய தரையைக் கடப்பாரையால் கொத்திவிட்டுத்தான் புது மண்ணைப் பரப்பினேன். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும்.

என் கணக்கு தவறியது இங்கேதான். மூன்றையும் கலக்கும்போதே அளவு குறைந்துவிட்டது. மணல் துகள்கள் உரத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 200 கன அடி போட்டும், பரப்பியபோது நாலரை அங்குலம்தான் நின்றது. இரண்டு வாரம் தண்ணீர் தெளித்த பிறகு, முளைக்குச்சியில் நான் போட்டிருந்த கோடு மண்ணுக்கு மேலே தெரிந்தது: மூன்றரை. குட்டி யானை வண்டியில் இன்னும் 30 கன அடி சலித்த செம்மண் வாங்கி மேலே தூவினேன். உரம் கலந்த மண்ணுக்கு 20 சதவீதம் பத்தாது. இனி 40 கூட்டித்தான் போடுவேன்.

அந்த இரண்டு வாரம் காத்திருந்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. செம்மண்ணோடு வந்த கோரைக் களை முளைத்து வெளியே தெரிந்தது. இலையை மட்டும் இழுத்தால் அறுந்து வரும். விரலை விட்டுத் தோண்டினால் கடலைக்கொட்டை அளவில் கறுப்புக் கிழங்கு, அதிலிருந்து ஒரு நூல் ஓடி அடுத்த கிழங்கு. ஒரு சட்டி நிறைய எடுத்தேன். விதைத்த பிறகு முளைத்திருந்தால் இதைத் தோண்டியிருக்கவே முடியாது.

விதை பெர்முடா புல். பாக்கெட்டைப் பார்த்த அப்பா, "இது நம்ம அருகம்புல்தானேப்பா?" என்றார். அதேதான். ஆயிரம் சதுர அடிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்பது அளவு. நான் 400 கிராம் எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையில் வைத்தால் ரவையைப் போல ஒட்டுகிறது, அப்படியே வீசினால் ஒரே இடத்தில் விழும். அதனால் நாலு கிலோ காய்ந்த மணலில் கலந்து இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கிலும் பாதியை அகலவாக்கிலும் தூவினேன். லேசாகக் கீறி, பலகையால் தட்டினேன். ஆழமாகப் புதைந்தால் முளைக்காது. பூவாளியால் தினமும் மூன்று வேளை தண்ணீர்.

ஒன்பதாம் நாள் காலை, வெயில் சாய்வாக விழுந்தபோது, மண்மேல் பச்சையாய் ஒரு மங்கல். குனிந்து பார்த்தால் ஊசி முனை போல முளைகள். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

இப்போது ஆறாவது வாரம். வெயில் படும் இடமெல்லாம் மூடிவிட்டது. தென்னை நிழல் விழும் 70 சதுர அடி மட்டும் சோகையாக நிற்கிறது. அருகுக்கு வெயில் வேண்டும், அந்த இடத்தை விதைக் கணக்கில் சேர்த்திருக்கவே கூடாது. அங்கே நிழல் தாங்கும் அகல இலைப் புல்லை நாற்றாக வாங்கி, அரை அடிக்கு ஒன்றாக நடப்போகிறேன். 280 நாற்று வேண்டியிருக்கும்.