சாரதிப் பரீட்சையில் தோற்று, பின் உணவுப் பை சுமந்த கதை: கண்டியில் தொடங்குவோருக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டாது என்று உறுதியான பிறகு, ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டுகஸ்தோட்டையிலுள்ள மாமா வீட்டுக்கு வேலை தேடி வந்தேன். உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளான, 2018இல் கொழும்பில் தொடங்கிய ஊபர் ஈட்ஸும், நம் நாட்டுப் பிக்மீயும் கண்டியிலும் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவின் 110 சிசி ஸ்கூட்டர் வீட்டில் சும்மா நின்றது. ஸ்கூட்டரும் கைபேசியும் இருந்தால் மறுநாளே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் செயலியில் பதிவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குத் தேவையான சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்க ஆறு மாதத்துக்கு மேல் சென்றது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தம்பி தங்கைமாருக்கு நான் பரீட்சையைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வகுப்பைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டதற்கு ஏ, முச்சக்கரவண்டிக்கு பி1 என்று அனுமதிப்பத்திரத்தில் தனித்தனியாகக் குறிப்பார்கள். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசியைத் தாண்டியவை என்பதால், ஏ1 மட்டும் எடுத்தவர் பிறகு வருந்த நேரிடும். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் 6 மாதங்களுக்கே செல்லுபடியாகும். அதை எடுத்துவிட்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று நம் பெயர்கள் ஆளுக்கொரு விதமாகப் பதியப்பட்டிருக்கும். கருமபீடத்தில் நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பதைவிட, வீட்டிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எழுத்துப் பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள்; நேரம் ஒரு மணித்தியாலம். தமிழிலேயே எழுதலாம். முதல் தடவை நான் தோற்றேன். விதிகள் எனக்குத் தெரியாமலில்லை. வினாத்தாளின் தமிழ்தான் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் ‘ஓவர்டேக்’ என்று சொல்வதை அங்கே ‘முந்திச் செல்லல்’ என்று எழுதியிருந்தார்கள். ‘ரவுண்டபவுட்’ சுற்றுவட்டமாகவும், ‘மஞ்சள் கோடு’ பாதசாரிக் கடவையாகவும் நின்றன. ஒரு வினாவை மூன்று முறை வாசித்து, அது ‘ஜங்ஷன்’ பற்றிய கேள்வி என்று புரிவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. பதின்மூன்று வருடம் தமிழ் மொழியில் படித்தவனுக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் தடவைக்கு ஒரு பழைய கொப்பியை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் நாங்கள் பேசும் சொல்லையும் வலப்பக்கம் புத்தகச் சொல்லையும் எழுதினேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து நகரத்துக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்ணில் படும் ஒவ்வொரு பலகையையும் அந்தப் புத்தகச் சொல்லால் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகை, சிவப்பு வட்டத் தடை, நீல வட்டக் கட்டளை என்ற மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டதும் குறியீடுகள் தாமாகவே மனதில் நின்றன. சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் இடங்கொடுக்க வேண்டும் என்பவற்றை மனனம் செய்யாமல், தெரிந்த ஒரு வளைவை நினைத்துப் படியுங்கள். இம்முறை நேரம் மிஞ்சியது.

எழுத்தில் சித்தியடைந்ததும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதிலிருந்து 3 மாதங்கள் கழிந்த பின்னரே ‘ட்ரயல்’ எனப்படும் செயன்முறைப் பரீட்சை. அந்த மூன்று மாதத்தில் வேறொருவரின் செயலிக் கணக்கில் ஓடச் சொல்லி ஆசை காட்டுவோர் இருப்பார்கள். விபத்து என்று வந்தால் பொலிஸ் நிலையத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் உங்களுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். நான் சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போய், தோட்டத்து ஆட்களைக் காலையில் வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் சுண்ணாம்பால் 8 வரைந்து, கால் ஊன்றாமல் மெதுவாகச் சுற்றப் பழகினேன். “செக்கு மாடு மாதிரி ஏன்டா சுத்துற?” என்று அப்பாயி கேட்டுக்கொண்டே இருந்தார். வேகமாக ஓட்டுவது எவருக்கும் வரும்; நடக்கும் வேகத்தில் சமநிலை பிடிப்பதே கடினம். பார்வையை முன்சில்லில் வைக்காமல், திரும்பப் போகும் இடத்தில் வைத்தபோதுதான் எனக்கு அது கைவந்தது.

வாகனப் பத்திரங்களில் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நாட்கடந்திருக்கக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ஸ்கூட்டரை உணவு விநியோகத்துக்குப் பயன்படுத்துவதாகக் காப்புறுதி முகவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கும் காப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மற்றபடி பதிவு என்பது படங்களை ஏற்றுவதும் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுப்பதும்தான்.

வேலை தொடங்கியதும் மலை தன் பாடத்தைத் தொடங்கும். கியர் உள்ள பைக்கில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கலாம், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு. முழுச் சுமையும் பிரேக்கில் விழும். ஹந்தானை மலையிலிருந்து தொடர்ச்சியாகப் பிரேக்கை அழுத்தியபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், இடையிடையே விட்டுவிட்டுப் பிடியுங்கள். பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோரைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள்.

வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சேர்ந்த செயலி தூரத்தைக் கணக்கிட்டதே தவிர, ஏற்றத்தை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கையில் வந்த தொகையைச் சம்பளம் என்று எண்ணி முதல் மாதம் ஏமாந்தேன். பெற்றோல், எண்ணெய், பிரேக் பட்டை, டேட்டா ஆகிய நான்கையும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான், எந்த ஏற்றத்து ஓடரை ஏற்கலாம், எதை விடலாம் என்று எனக்குப் பிடிபட்டது. வாடிக்கையாளர் காசாகக் கொடுக்கும் பணம் முழுதும் உங்களுடையதல்ல, நிறுவனத்தின் பங்கு பின்னர் கழிக்கப்படும் என்பதையும் மனதில் வையுங்கள். சில்லறையும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கண்டியின் வரைபடம் தட்டையானது, ஊர் அப்படியல்ல. இருநூறு மீற்றர் என்று காட்டும் வீடு, நேர் மேலே அடுத்த பாதையில் இருக்கும். அங்கே போக மூன்று கொண்டை வளைவு சுற்ற வேண்டும். எசல பெரஹெரா ஊர்வல இரவுகளில் எந்தத் தெரு மூடப்படும் என்பதைச் செயலியை நம்பாமல் மாலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அழைப்புகள் சிங்களத்தில் வரும் என்பதால், உடட்ட (மேலே), பல்லெஹாட்ட (கீழே), வமட்ட (இடப்பக்கம்), தகுணட்ட (வலப்பக்கம்), வங்குவ (வளைவு) என்ற ஐந்து சொற்களாவது சரளமாக வர வேண்டும். பள்ளியில் இரண்டாம் மொழிப் பாடத்தில் தூங்கியதற்கு நான் இப்போது வட்டியோடு கட்டுகிறேன்.

ஏறத் தொடங்கும் முன்பே, சமதரையில் நின்று அழைத்து, வீடு பாதைக்கு மேலா கீழா, பக்கத்தில் கடையா கோயிலா என்று கேட்டுவிடுங்கள். மழை தூறிய ஒரு மாலையில், பாதி ஏற்றத்தில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் பிரேக்கைப் பிடித்து, மறுகையால் கைபேசியைத் துழாவியபோதுதான் என் பையிலிருந்து பருப்புக்கறி வழியத் தொடங்கியது.