எதிரியின் பெயர் இல்லாத போர்ப் பாட்டு

சென்னை வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் தெருக்களில், இலங்கைப் போரைப் பின்னணியாகக் கொண்டு 2002-இல் வெளியான ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டைக் கேட்கும்போது அதன் பொருள் இலங்கையோடு நின்றுவிடுவதில்லை. வைரமுத்து எழுதிய இந்தப் பாட்டு போரைப் பற்றியதே என்றாலும், இதில் எதிரியின் பெயரோ வெற்றி முழக்கமோ கிடையாது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டிடமும் பனங்காட்டிடமும் பறவைக் கூட்டிடமும் விடைபெறுகிறார்கள்; பதில் சொல்ல முடியாதவற்றிடமே விடை கேட்க நேர்வதுதான் இதில் எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது.

ஏ.ஆர்.ரகுமான் இசையில், எழுபதைக் கடந்திருந்த எம்.எஸ்.விஸ்வநாதன் இதைப் பாடியது பொருளையே மாற்றிவிடுகிறது. (இளங்குரலாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.) மறுபடி ஒருமுறை பார்ப்போமா என்று பாட்டில் வரும் கேள்வியை இளைஞன் கேட்டால் அது ஏக்கம், முதியவர் கேட்கையில் விடை அவருக்கே தெரிந்திருக்கிறது. 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சிக் காட்டுவழியே நடந்தும், 1962 இராணுவ ஆட்சிக்குப் பிறகு கப்பலேறியும் பர்மாவை விட்டு வந்த தமிழர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. இதைச் சமாதானப் பாட்டு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; இது சமாதானத்தைக் கேட்கவே இல்லை, இழந்தவற்றைக் கணக்கெடுக்கிறது.